இரும்புக்கும் ஒலிக்கும் கருவி

ரோகினி டீச்சரின் கைபேசியில் மூன்று படங்கள் வந்திருந்தன. பதினெட்டுப் பேர் படிக்கும் ஆறாம் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து, அந்தச் சின்னத் திரையை எட்டிப் பார்த்தார்கள்.

முதல் படத்தில் இருந்த கருவியின் அடியில் வட்டமான தட்டு ஒன்று இருந்தது. அது ரொட்டி சுடும் கல்லை விடப் பெரியது. இரண்டாவது கருவியில் கைப்பிடிக்கு அருகே கண்ணாடித் திரை ஒன்று மின்னியது. மூன்றாவது கருவி மஞ்சள் நிறத்தில், குட்டையாக, பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான் போல இருந்தது.

மூன்றுமே மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள். அவற்றை நிலத்துக்கு மேலே மெல்ல அசைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அடியில் உலோகம் இருந்தால் ‘பீப்’ என்று ஒலிக்கும்.

படங்களை அனுப்பியவர் தர்ஷன் என்னும் பழைய மாணவர். தலவாக்கலைக்கு மேலே ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்தில் உள்ள இதே பாடசாலையில் படித்தவர். இப்போது கொழும்பில் மின்சாதனக் கடையொன்றில் வேலை செய்கிறார். வலயப் போட்டியில் பாடசாலையின் விஞ்ஞானக் கழகம் பரிசு பெற்றதைக் கேள்விப்பட்டதும், கழகத்துக்கு ஒரு கருவி வாங்கித் தருவதாக அவர் வாக்களித்திருந்தார். எந்தக் கருவி என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

உலோகம் தேடும் கருவிதான் வேண்டும் என்று முதலில் சொன்னவன் அழகன். வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது, தமது வெள்ளிக் கரண்டிகளையெல்லாம் பங்களாவுக்குப் பின்னால் புதைத்துவிட்டுப் போனார் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஊருக்குப் போகிறவர் கரண்டிகளைக் கொண்டுபோகாமல் எதற்காகப் புதைக்க வேண்டும் என்று அவனிடம் எவரும் கேட்கவில்லை. புதையல் என்ற சொல்லைக் கேட்டதுமே எல்லோருடைய கைகளும் உயர்ந்துவிட்டன.

இப்போது அழகன் இரண்டாவது படத்தின்மேல் விரலை வைத்தான். தங்கத்தையும் வெள்ளியையும் தேடிப் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி அது என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. வகுப்பு முழுவதும் அதற்கே சம்மதித்தது போல ஒரு சலசலப்பு எழுந்தது.

கழகத்தின் செயலாளர் பிரேமினி. பதினொரு வயது. எதையும் இரண்டு முறை வாசித்த பிறகே எழுதும் பழக்கம் உள்ளவள். தீர்மானத்தைக் கடிதமாக எழுத வேண்டியவளும் அவள்தான். பேனாவைத் திறந்தபோது, வகுப்பின் கடைசி வாங்கில் திலக்ஷன் மட்டும் எழுந்து வராமல் உட்கார்ந்திருப்பதை அவள் கண்டாள். அவன் எதையோ கேட்க நினைப்பது போலவும், கேட்க முடியாமல் விழுங்குவது போலவும் இருந்தது.

பிரேமினி பேனாவை மூடினாள். கடிதத்தை நாளை எழுதித் தருவதாக டீச்சரிடம் பணிவாகச் சொன்னாள்.

பாடசாலை விட்டதும் இருவரும் ஒன்றாகவே நடந்தார்கள். தேயிலை மலையின் நடுவே இறங்கும் அந்தப் பாதை, கீழ் லயம் இருந்த இடத்தைத் தாண்டித்தான் போகும்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் காம்பரா என்பார்கள். கீழ் லயத்தில் ஆறு காம்பராக்கள் இருந்தன. சென்ற கார்த்திகை மாதத்தில் மூன்று நாட்கள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் காலையில், மேலே இருந்த மண்மேடு சரிந்து லயத்தை மூடிவிட்டது. மூன்று பேர் இறந்து போனார்கள். திலக்ஷனின் அம்மா லெட்சுமியும் அவர்களுள் ஒருவர்.

அன்று முதல் திலக்ஷனும் அவனுடைய அப்பா சோலைமலையும், காலையில் தொழிலாளர்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தின் அருகே, தகரக் கொட்டகை ஒன்றில் இருக்கிறார்கள்.

சரிந்த மண் இப்போது காய்ந்து வெடித்திருந்தது. கூரைத் தகரத்தின் மூலைகள் அங்குமிங்கும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. திலக்ஷன் அந்த இடத்தில் நின்றான். பிரேமினியும் நின்றாள். 

“எங்க காம்பராவுல ஒரு பிஸ்கட் டின் இருந்துச்சு” என்றான் அவன். “என் பொறப்பு சர்டிபிகேட்டு, அம்மாவோட படம், எல்லாம் அதுலதான். கூரை ஒழுகும்னு அம்மா டின்னுக்கு உள்ளயும் வெளியவும் சொப்பிங் பேக் சுத்தி வச்சிருக்கும்.”

அம்மாவின் படம் வேறு எங்கும் இல்லையா என்று பிரேமினி மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று அவன் தலையசைத்தான். அப்பாவின் கைபேசியும் மண்ணுக்குள் போய்விட்டது. படம் எடுக்க வருகிறவர்களைக் கண்டால் அம்மா எப்போதும் கூடையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்ளுமாம்.

பிறகு அவன் சொன்னான்: “முன்னாடியெல்லாம் கண்ண மூடினா அம்மா மொகம் வரும். இப்ப சேலை மட்டும்தான் வருது, பிரேமினி.”

பிரேமினி தன் புத்தகப் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் ஒன்றையும் அவன் சொன்னான். வருகிற மாதத்தின் முதல் திங்கட்கிழமை தோட்ட நிர்வாகம் மண் தள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவரப் போகிறது. இடத்தைச் சமப்படுத்தி, மண் மறுபடியும் சரியாமல் இருக்க மானாப் புல் நடுவார்களாம். அதன் பிறகு அங்கே யாரும் தோண்ட முடியாது. அதற்கு இன்னும் மூன்று வாரங்களே இருந்தன.

“தங்க மிசினு வந்தா டின்னு கெடைக்கும்ல?” என்று திலக்ஷன் கேட்டான். “அதுதானே நல்ல மிசினு?”

“நல்லதுதான்னு நெனக்கிறேன்” என்றாள் பிரேமினி. ஆயினும் அன்று மாலை சோறு உண்ணும்போதும், அம்மா மீனம்மாவுக்கு விறகு எடுத்துக் கொடுக்கும்போதும், படத்தின் கீழே எழுதியிருந்த அந்த வரி அவள் மனத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தங்கத்தையும் வெள்ளியையும் தேடிப் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. அப்படியானால் மற்றவற்றை அது என்ன செய்யும்?

மறுநாள் இடைவேளையின்போது, தர்ஷன் அண்ணாவிடம் ஒரு சந்தேகம் கேட்க அனுமதி தருமாறு ரோகினி டீச்சரிடம் அவள் வேண்டிக்கொண்டாள். டீச்சர் அழைப்பை எடுத்துக் கைபேசியை மேசைமேல் வைத்தார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

“அண்ணே, அந்த ரெண்டாவது மிசினு இரும்பக் கண்டா என்னா செய்யும்?” என்று பிரேமினி கேட்டாள்.

“ஒண்ணும் செய்யாதும்மா. பேசாம இருக்கும்” என்றார் தர்ஷன் பெருமையுடன். “அதுதான் அதோட தெறமை. புதையல் தேடுறவங்களுக்கு ஆணி, தகரம் எல்லாம் குப்பை. அந்த மிசினு குப்பையக் கண்டுக்காது.”

“பிஸ்கட் டின்னுன்னா?”

“அதுவும் இரும்புத் தகரந்தானே. சத்தமே வராது.”

“இரும்புக்கும் சத்தம் போடுன்னு அதுக்கிட்ட சொல்ல முடியாதா, அண்ணே?”

மறுமுனையில் தர்ஷன் சற்று யோசித்தார். இதைவிட உயர்ந்த வகைகளில் அப்படி மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. இந்த வகையில் இல்லை என்றார். முதலாவது கருவி இரும்பையும் காட்டும். ஆனால் அது வெகு ஆழத்தையும் வெகு அகலத்தையும் ஒரே சமயத்தில் பார்க்கும். தகரம் நிறைந்த மண்ணில் அதை வைத்தால் ஓயாமல் ஒரே கத்தலாகக் கத்தும். எது எங்கே கிடக்கிறது என்று பிரித்தறிய முடியாது. அதைத் தூக்கி நடக்கப் பெரியவர்களுக்கே கை வலிக்கும்.

“அப்போ அந்த மஞ்சள்?”

“அது சின்னப் புள்ளைங்களுக்குச் செஞ்சதும்மா. ஒரு சாண் ஆழம்தான் பாக்கும். தங்கம், இரும்புன்னு பிரிக்கவும் தெரியாது. எல்லாத்துக்கும் ஒரே சத்தந்தான். நான் சும்மா படத்துக்குத்தான் அனுப்புனேன்.”

பிரேமினி அவருக்கு நன்றி சொன்னாள். பிறகு வகுப்பின் பக்கம் திரும்பி, மஞ்சள் கருவியையே கேட்போம் என்றாள்.

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. பரிசாக என்ன வேண்டும் என்று கேட்கிறவரிடம் போய் பொம்மையைக் கேட்கிற வகுப்பு இந்த நாட்டிலேயே நம்முடைய வகுப்பாகத்தான் இருக்கும் என்று அழகன் சொன்னான். அத்தோடு விடாமல், நீ பாலர் வகுப்புக்குப் போய் அவர்களுக்குச் செயலாளராக இரு என்றும் சொன்னான்.

பிரேமினி கடைசி வாங்கைப் பார்த்தாள். திலக்ஷன் வாங்கில் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் தன்னிடம் சொன்னதைச் சொன்னால் எல்லோரும் உடனே சம்மதித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது அவன் அவளுக்கு மட்டும் சொன்னது. அதை எடுத்து வகுப்பின் முன்னால் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“கீழ் லயத்துல ஆறு காம்பரா சாமானும் மண்ணுக்குள்ள கெடக்கு” என்றாள் அவள். “அதுல தங்கம் எவ்வளவு இருக்கும்? அழகா, உங்க சித்தியும் அங்கதானே இருந்தாங்க. அவங்க என்னாத்தக் காணோம்னு சொல்லுறாங்க?”

அழகன் தலையைச் சொறிந்தான். “தேங்கா துருவி” என்றான். “அது போனதுல இருந்து எங்க வீட்டுத் துருவியத்தான் கேட்டு வாங்குறாங்க. திருப்பித் தர்றதே இல்ல.”

“தங்க மிசினு அந்தத் துருவிக்கு மேல போனா என்னா செய்யும்?”

அழகன் யோசித்தான். அவன் கண்டபடி பேசுகிறவனே தவிர, யோசிக்கத் தெரியாதவன் அல்லன். “கண்டும் காணாத மாதிரி போயிரும்” என்றான் மெல்ல.

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பதினேழாவதாக அழகனின் கை உயர்ந்தது. திலக்ஷனின் கை முதலிலேயே உயர்ந்திருந்தது.

வாக்கெடுப்பு முடிந்த பின்னும் ரோகினி டீச்சர் நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் வடக்கே போர் நடந்த வன்னியிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருடைய முகம் வாடியிருந்தது.

“பிள்ளையள், எங்கட பக்கத்தில மண்ணுக்குள்ள கிடக்கிற இரும்பைத் தொடக்கூடாது எண்டுதான் எங்களுக்குச் சின்னனிலேயே சொல்லித் தந்தவை” என்றார். “கண்ணிவெடி இருந்த நிலம். இந்தக் கருவியைக் கண்டாலே எனக்கு அந்த நினைவுதான். இஞ்ச அது இல்லை எண்டு தெரியும். எண்டாலும் மலை இருக்குது. ஆரும் கேளாமல் அந்த இடத்தில கால் வைக்கக்கூடாது. விளங்குதோ?”

விளங்குகிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த வாரம் முழுவதும் டீச்சர் கடிதங்கள் எழுதினார். அனுமதி பெறாமல் இப்படிப்பட்ட கருவியோடு மண்ணைத் தோண்டினால், புதையல் தோண்டுகிறவர்கள் என்று பொலிசார் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே பொலிஸ் நிலையத்துக்கு ஒன்று, கிராம சேவகருக்கு ஒன்று, தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு ஒன்று என்று அதிபரின் கையொப்பத்தோடு மூன்று கடிதங்கள் போயின. அதிகாரிகள் வந்து சரிவைப் பார்த்தார்கள். மண் அதிகம் இல்லாத கீழ்ப்பகுதியில் மட்டும், மழை இல்லாத சனி, ஞாயிறு இரண்டு நாட்களுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு மேலே சிவப்புக் கொடிகள் நடப்பட்டன. பெரியவர்களே தோண்ட வேண்டும். ஒரு துளி மழை விழுந்தாலும் எல்லோரும் வெளியேற வேண்டும் என்பது கட்டளை.

கொழும்பிலிருந்து மஞ்சள் கருவி வெள்ளிக்கிழமை பஸ்சில் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை மண் தள்ளும் இயந்திரம் வரும்.

சனிக்கிழமை காலையில் பனி விலகியதும் வேலை தொடங்கியது. சோலைமலையும் வேறு நான்கு அப்பாமார்களும் மண்வெட்டிகளோடு நின்றார்கள். திலக்ஷன் கருவியைப் பிடித்தான். தங்களுடைய நான்காம் காம்பரா இருந்த இடத்தில் அதை மெல்ல அசைத்தான்.

பீப்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். சோலைமலை தோண்டினார். ஓர் ஆணி கிடைத்தது. இரண்டடி தள்ளி மறுபடியும் பீப். ஒரு தகரத் துண்டு. இன்னோர் இடத்தில் பீப். வளைந்த கம்பி. பிறகு அழகன் வாங்கிப் பார்த்தான், பிறகு இன்னொருத்தி. இங்கே ஒலிக்கிறது என்று ஒரு பக்கம் குரல் கேட்டால் எல்லோரும் அங்கே ஓடினார்கள். அங்கே ஒலிக்கிறது என்றால் இங்கே தோண்டியதைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே பறந்தார்கள். பதினொரு மணிக்குள் நிலம் கோழி கிளறிய குப்பைமேடு போல ஆகிவிட்டது. கிடைத்தவை ஆணியும் தகரமும்தான்.

“இது பேசத் தெரிஞ்ச மிசினு இல்ல” என்றான் அழகன், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. “வாய மூடத் தெரியாத மிசினு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பாமார்களில் ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நின்று பெருமூச்சு விட்டார். இந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தோண்டினாலும் முடியாது என்று இன்னொருவர் சோலைமலையிடம் தாழ்ந்த குரலில் சொன்னது பிரேமினியின் காதில் விழுந்தது. திலக்ஷன் தோண்டிய குழி ஒன்றின் ஓரத்தில் குந்தியிருந்தான்.

தான் தவறான கருவியைக் கேட்டுவிட்டோமோ என்று பிரேமினிக்குத் தோன்றியது.  அவள் கண்ணைத் துடைப்பதற்காக எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எதிர்மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் அவளுடைய அம்மா மீனம்மாவும் இருந்தார். கொழுந்து பறிக்கும்போது யாரும் நினைத்த இடத்தில் நின்று பறிப்பதில்லை. செடிகளுக்கு இடையே ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை பிரித்துக் கொடுக்கப்படும். அதற்கு நிரை என்று பெயர். தன் நிரையில் இருக்கும் ஒவ்வொரு செடியையும் தொட்டுத்தான் மேலே போக வேண்டும். நல்ல கொழுந்துள்ள செடி நான்கு நிரைக்கு அப்பால் தெரிந்தாலும் தாவிப் போகக் கூடாது. கொழுந்து குறைந்த செடி என்று தாண்டிப் போகவும் கூடாது. அப்படித்தான் மத்தியானத்துக்குள் ஒரு மலையே பறித்து முடிகிறது.

பிரேமினி திரும்பித் தாங்கள் தோண்டிய இடத்தைப் பார்த்தாள். ஒரே இடத்தை மூன்று முறை தோண்டியிருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு பாய் அகலத்துக்கு யாரும் தொடாத மண் கிடந்தது.

அவள் சோலைமலையிடம் ஓடினாள். “மாமா, கயிறு வேணும். கம்பும் வேணும். நாங்க நிரை பிடிச்சுப் பாப்போம்.”

சோலைமலை அவளை ஒரு முறை பார்த்தார். எதிர்மலையை ஒரு முறை பார்த்தார். பிறகு கயிறு எடுத்துவரப் போனார்.

சரிவின் மேலிருந்து கீழாக, இரண்டு முழ அகலத்தில் பதினெட்டு நிரைகள் பிரித்தார்கள். முதலில் வெளியே தெரிந்த பெரிய தகரங்களையெல்லாம் பெரியவர்கள் இழுத்து அகற்றினார்கள். பிறகு முதலாம் நிரையில் திலக்ஷன் கருவியை அசைத்துக்கொண்டு ஓரடி நடந்தான். ஒலித்தால் நின்றான். ஒலித்த பொருள் ஆணியானாலும் அதை எடுத்த பிறகே அடுத்த அடி வைத்தான்.

அப்போதுதான் கருவியின் குறையே அவர்களுக்கு உதவியாக இருப்பதைப் பிரேமினி கவனித்தாள். ஒரு சாண் ஆழத்துக்கு மேல் அதற்குத் தெரியாது அல்லவா? ஆகவே அந்த ஒரு சாணில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டால் கருவி அமைதியாகிவிடும். அமைதியான இடத்தில் அப்பாமார்கள் ஒரு சாண் மண்ணை வழித்து எடுப்பார்கள். கருவி மறுபடியும் வரும். ஒரு வரிசை, ஓர் அடுக்கு, ஓர் அடி. வாயை மூடத் தெரியாத மிசினுக்கு வாயை மூடவும் தெரிகிறது என்று அழகன் ஒப்புக்கொண்டான்.

நான்காம் காம்பரா இருந்த இடத்து நிரைகளை முதலில் பார்க்கலாம் என்று பிரேமினி சொன்னாள். சோலைமலை தலையசைத்து மறுத்துவிட்டார். “மண்ணு சாமானையெல்லாம் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்மா. எந்தக் காம்பரா சாமான் எங்க கெடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? மொதல்ல இருந்தே போவோம்.”

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. இரண்டாம் நிரையில் ஒரு சோற்றுக் கரண்டி கிடைத்தது. அது ஐந்தாம் காம்பராவுக்கு உரியது. நான்காம் நிரையில் ஒரு பூட்டும், அரிவாளும், மாவு சலிக்கும் அரிதட்டும் கிடைத்தன. பிள்ளைகள் அவற்றைக் கழுவி, விரித்த உரச் சாக்கின்மேல் வரிசையாக வைத்தார்கள். மாலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் சாக்கைச் சுற்றி நின்றார்கள். மீனம்மாவும் வந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு மண் அள்ளத் தொடங்கினார்.

வயதான ஒருவர் சாக்கருகே குனிந்து ஒரு சாவியை எடுத்தார். அது முதலாம் காம்பராவின் சாவி. அந்தச் சாவியால் திறக்கும் கதவு இப்போது எங்கும் இல்லை. ஆயினும் அவர் அதைத் தம் சட்டையில் நன்றாகத் துடைத்து, மடித்துக் கட்டிய சாரத்தின் முடிச்சில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார். 

சிறு குழந்தையின் சங்கிலித் துண்டு ஒன்றும் கிடைத்தது. அதை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. அது யாருடையது என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. மீனம்மா அதை எடுத்து ஒரு வெற்றிலையில் வைத்து, கோயிலில் வைப்பதாகச் சொல்லிக் கொண்டுபோனார்.

சனிக்கிழமை பொழுது சாயும்போது ஏழு நிரைகள் முடிந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு விடுமுறை. மேல் லயத்திலிருந்தும் ஆட்கள் மண்வெட்டிகளோடு இறங்கி வந்தார்கள். எட்டு, ஒன்பது, பத்து. திலக்ஷனின் கை சோர்ந்தால் பிரேமினி கருவியை வாங்கிக்கொள்வாள். அவள் கை சோர்ந்தால் அழகன். கரண்டிகள் வந்தன, சட்டிகள் வந்தன, கதவுக் கீல்கள் வந்தன. ஒவ்வொரு ஒலிக்கும் திலக்ஷனின் கண்கள் பெரிதாகி, ஒவ்வொரு முறையும் சிறிதாகின. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. ரோகினி டீச்சர் அடிக்கடி அண்ணாந்து பார்த்தார்.

மத்தியானம் பதினோராம் நிரையின் முடிவில் கருவி ஒலித்தது. அந்த ஒலியில் ஒரு விசேஷமும் இல்லை. ஆணிக்கும் கரண்டிக்கும் ஒலித்தது போலவேதான் ஒலித்தது.

சோலைமலை மண்வெட்டியால் மெல்லக் கீறினார். நீல நிறத்தில் ஏதோ தெரிந்தது. அவர் மண்வெட்டியைத் தூர வைத்துவிட்டு முழந்தாளிட்டு, கைகளாலேயே மண்ணை விலக்கினார். சொப்பிங் பேக்கின் ஓரம் அது. அதற்குள் துருப் பிடித்த ஒரு சதுர டின்.

யாரோ கத்தியை நீட்டினார்கள். சோலைமலை வாங்கவில்லை.

“அவ போட்ட முடிச்சு” என்றார். “நான் அவுத்துக்கிறேன்.”

மண்ணேறிய விரல்களால் அந்த முடிச்சை அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. வெளியே ஒரு பை. அதற்குள் ஒரு பை. டின்னின் மூடி இறுகியிருந்தது. அதையும் அவரே திறந்தார். உள்ளே இன்னும் ஒரு பை. கடதாசிகளின் ஓரங்கள் பழுப்பாகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றின் நடுவிலிருந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு படத்தை எடுத்து அவர் மகனிடம் கொடுத்தார்.

படத்தின் கீழ் மூலையில் ஈரம் ஏறியிருந்தது. லெட்சுமியின் தோள்வரை கறை படிந்திருந்தது. முகத்தை அது தொடவில்லை.

திலக்ஷன் படத்தைப் பார்த்தான். கண்களை மூடினான். திறந்து மறுபடியும் பார்த்தான். மறுபடியும் மூடினான். இப்போது வெகுநேரம் திறக்கவில்லை. பிரேமினி அவன் பக்கத்தில் நின்றாள்.  அவன் முகத்தைப் பார்த்தபோது, அவன் பார்க்க விரும்பியதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

சோலைமலை டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு, மகனின் தோளில் கையைப் போட்டு, கொட்டகையை நோக்கி நடந்தார். எல்லோரும் விலகி வழி விட்டார்கள்.

அவர்கள் பாதையில் மறைந்ததும் பிரேமினி மஞ்சள் கருவியைக் கையில் எடுத்தாள். இன்னும் ஏழு நிரைகள் இருந்தன. காற்றில் குளிர் ஏறியிருந்தது. பெரியவர்களில் சிலர், கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டதே, இதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று பேசத் தொடங்கினார்கள்.  அழகனுடைய கண்கள் முடியாத நிரைகளின்மேலேயே இருந்தன.

அப்போது பாதையில் காலடி ஓசை கேட்டது. திலக்ஷன் திரும்பி வந்துகொண்டிருந்தான். கை கால்களைக் கழுவி, வேறு சட்டை மாற்றியிருந்தான். அவனுக்குப் பின்னால் சோலைமலை, மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி வந்தார்.

“நீ வீட்டுலயே இருந்திருக்கலாம்லடா” என்றான் அழகன்.

“உங்க சித்தி சாமான் ஒண்ணுகூட வரலையே” என்றான் திலக்ஷன். பிரேமினியிடம் கையை நீட்டினான். “கொடு. உனக்குக் கை வலிக்கும்.”

பிரேமினி கொடுத்தாள். பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மண்வெட்டிகளை எடுத்தார்கள். மழை இன்னும் எதிர்மலைக்கு அப்பால்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நிரையின் தொடக்கத்தில் திலக்ஷன் கருவியைத் தாழ்த்திப் பிடித்து ஓரடி வைத்தான், அது ஒலித்தது.